கை இப்போது எப்படி இருக்கிறது

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முட்டி வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. அதுவும் மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் தன்னை ஞாபகப்படுத்துகிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து ஊரார் கைகாலுக்கெல்லாம் மாவுக்கட்டுப் போடுகிறவன், உன் முதுகை யாரிடமாவது காட்டினாயா, இல்லையா? உன் பெண்டாட்டி சில்லறை சௌக்கியமா? பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்துகொண்டு, 'சில்லறையா குடுங்க, சில்லறையா குடுங்க' என்று பயணிகளை இன்னும் விரட்டிக்கொண்டுதான் இருக்கிறாளா? போன கடிதத்தின் அடியில் அவள் எழுதிய இரண்டு வரிக்கு என் நன்றியைச் சொல். நீ நாலு பக்கம் எழுதுகிறாய், விஷயம் என்னவோ அவளுடைய இரண்டு வரியில்தான் இருக்கிறது.

செய்தி கேட்டிருப்பாய். எங்கள் நாடு உங்கள் நாட்டின்மேல் போர் அறிவித்துவிட்டது. எங்கள், உங்கள் என்று எழுதவே கை கூசுகிறது. ஒரே வயிற்றில் பிறந்தோம். நீ ஆஸ்பத்திரி வேலை என்று எல்லை தாண்டினாய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாய். அன்றைக்கு அது பக்கத்துத் தெருவுக்குக் குடிபோகிற மாதிரிதான் இருந்தது.

ஆனாலும் மனசில் இருப்பதை உன்னிடம் மூடி மறைக்க மாட்டேன். இந்தப் போர் நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன். ஆற்றின் அணைக்கதவை மூடியது யார்? உங்கள் ஆட்கள். கேட்டுப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம், பெரிய மனிதர்களை அனுப்பிப் பேசிப் பார்த்தோம். கோடை முழுக்க என் சலவைக்கடைக் குழாயில் காற்றுதான் வந்தது. வேலை செய்கிற பெண்கள் காலையில் வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் போனார்கள். பிரசவ வார்டிலிருந்து வந்த துணிமூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அப்படியே கறையோடு திருப்பி அனுப்பினேன். அதன்மேல்தானே பிறந்த குழந்தையைப் போடுவார்கள்? அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

என் பிள்ளை மேப்புக்குப் படையிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. தண்ணீர் லாரி ஓட்ட வேண்டுமாம். அவன் அப்பா போன பிறகு கடை வண்டியை அவன்தான் ஓட்டுகிறான், தெரியுமே. பிறந்து வளர்ந்த ஊரிலேயே வழி தப்பி, ஓட்டல் துணியை ஆஸ்பத்திரியிலும் ஆஸ்பத்திரித் துணியை ஓட்டலிலும் இறக்கியவனுக்கு மேப்பு என்று பெயர் வைத்ததே நீதான். அவனை நம்பி ஒரு படைக்கே தண்ணீர். பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

நேர்த் தபால் இனி கிடையாதாம். மூன்றாவது நாட்டு நிவாரணச் சங்கம் வழியாகத்தான் கடிதம் போய் வருமாம். தாமதமானாலும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா

—

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சில்லறையும் நலம். முதுகும் நலம் என்று எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிக்கு அடிக்கடி ஏறாதே.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேப்பு போவதால் கவலை. நீ அவனை அனுப்புவதில் பெருமைப்படுவதால் இன்னும் கவலை. அக்கா, கோபித்துக்கொள்ளாமல் கேள். போன மாதம் நான் பஸ் ஏறி அந்த அணையைப் போய்ப் பார்த்தேன். தரை தெரிகிறது. நடுவில் ஆடு மேய்கிறது. இங்கேயும் மழை இல்லை. எங்கள் வீட்டுக் குழாயிலும் உன் கடைக் குழாயில் வந்த அதே காற்றுதான். இருக்கிற கொஞ்சத்தைப் பாதி திறந்து விட்டிருக்கலாம், விடவில்லை. அது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாகத்துக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் கோடாலியோடு போவானா? கதவை உடைத்து உள்ளே வந்தால் பானையும் சேர்ந்துதானே உடையும்?

சின்ன வயதில் நீ என்னை அடித்தால்கூட, அடிப்பதற்கு முன்னால், 'ஏன் அடிக்கிறேன்னு சொல்லு பாக்கலாம்' என்று கேட்பாய். நான் சொல்வதற்குள் உனக்குக் கோபம் போய்விடும். பெரிய மனிதர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை போலிருக்கிறது.

மேப்புவிடம் சொல். வழி தெரியாவிட்டால் வெட்கப்படாமல் வண்டியை நிறுத்திக் கேட்கச் சொல். இந்தத் தடவையாவது.

அன்புடன்,
தம்பி

அண்ணி, நான் சில்லறை எழுதுகிறேன். உங்கள் தம்பி முதுகுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து என் கைதான் தேய்கிறது. நம் பிள்ளை லாரியில் ஏறும்போது காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அவனுக்குக் குளிர் ஆகாது.

—

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

அக்காவுக்கு உடம்பு நலம், கோபமும் நலம். நீங்கள் இருவரும் எப்படி?

கோடாலி என்று எழுதிவிட்டாய். சரி, நான் கேட்கிறேன். தட்டித் தட்டிக் கை வீங்கின பிறகும் உள்ளே இருப்பவன் திறக்காவிட்டால்? உள்ளே விளக்கு எரிகிறது, பேச்சுக்குரல் கேட்கிறது, பானையில் மொள்ளும் சத்தமும் கேட்கிறது. வெளியே நிற்பவள் இடுப்பில் குழந்தை. அவள் என்ன செய்ய வேண்டும்? நல்லவளாக வாசலிலேயே விழுந்து சாக வேண்டுமா? 'தப்பு, ஒத்துக்கொள்கிறேன்' என்று நீ ஒரு வரியில் கடந்துவிட்டாய். அந்த ஒரு வரிதான் எங்களுக்கு ஒரு கோடை. அணையில் ஆடு மேய்ந்தால், இருந்த ஆட்டுக்காலடித் தண்ணீரையாவது பகிர்ந்திருக்கலாம் அல்லவா? மூடிவிட்டு, திறக்க மாட்டோம் என்று ரேடியோவில் சவடாலும் பேசியது உங்கள் மந்திரி. நான் என் காதால் கேட்டேன்.

போருக்கு யாரும் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஆசைப்பட்டா நான் என் ஒரே பிள்ளையை அனுப்பினேன்? இது நியாயம் இல்லை என்றால் நான் அவனை எதற்கு அனுப்பினேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். அதனால் பதில் எழுதும்போது யோசித்து எழுது. சரியான பதில் இருந்தால் எழுது, இல்லாவிட்டால் தோற்றேன் என்று எழுது.

சில்லறையிடம் சொல், இரண்டு ஜோடி காலுறையும் போட்டுக்கொண்டுதான் ஏறினான். அத்தை சொன்னால் கேட்கிறான், அம்மா சொன்னால் காதில் விழுவதில்லை. லாரியில் ஏறும்போது சாவியைத் தேடினான். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

அன்புடன்,
அக்கா

—

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரிக்கக்கூடத் தெம்பு இல்லை. உன் பதிலும் இன்னும் வரவில்லை. அதற்குள் மறுபடி எழுதுகிறேன்.

மேப்புவைக் காணவில்லை. படையிலிருந்து ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பிய லாரி போய்ச் சேரவில்லையாம். லாரியும் இல்லை, அவனும் இல்லை. உடல் கிடைக்கவில்லை, அதனால் நம்பிக்கையோடு இருங்கள் என்றார். உடல் என்ற சொல்லை என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு சொல்கிறார். நான் அவருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

வாதத்தையெல்லாம் தூக்கி ஓரமாக வை. பிடிபட்டவர்களை உங்கள் பக்கம் எங்கோ முகாமில் வைத்திருக்கிறார்களாம். நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், நாலு பேரைத் தெரியும். என் பிள்ளையைத் தேடு. சில்லறையையும் கேட்கச் சொல். பேருந்து நிலையத்துக்கு வராத ஆளா, தெரியாத செய்தியா? உன்னை இடுப்பில் சுமந்தவள் கேட்கிறேன்.

அக்கா

—

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் சேர்ந்து வந்தன. நான் நலமாக இருக்கிறேன். நீ சாப்பிடு. சாப்பிடாமல் இருந்தால் அவன் வரும்போது யார் கதவைத் திறப்பது?

தேட ஆரம்பித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வரும் முகாம் டாக்டரிடம் பெயரும் அடையாளமும் கொடுத்திருக்கிறேன். புருவத்துத் தழும்பைச் சொன்னேன். கிடைப்பான். என் மனசு சொல்கிறது.

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இங்கே வேலை அதிகம். சில்லறை இரண்டு வரி எழுதவில்லை என்று நீ தேடுவாய். படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான்தான் மாவுக்கட்டுப் போட்டேன். ஆறு வாரம் அசைக்கக் கூடாது. அதனால் எழுத முடியவில்லை. மற்றபடி கவலைப்பட ஒன்றும் இல்லை.

போரைப் பற்றி நீ எழுதிய நியாயங்களை இரண்டு தரம் படித்தேன். பதில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

தம்பி

—

மே 3

அன்புத் தம்பிக்கு,

நான் எழுந்து நடமாடுகிறேன். நீ தேட ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் ஒரு வாய் சாப்பிட்டேன். உனக்குக் கோடிப் புண்ணியம். சில்லறையின் கை இப்போது எப்படி இருக்கிறது? வீங்கியிருந்தால் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல். உனக்குத் தெரியாததா, நான் ஒரு பைத்தியம்.

அந்தக் கைக்கு நான் ஒரு கும்பிடு போட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் பழைய பேப்பர் ஒன்று கண்ணில் பட்டது. மார்ச் கடைசியில் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தைக் குண்டு போட்டு அழித்துவிட்டதாகப் போட்டிருந்தது. படைவண்டிகளை அங்கே ஒளித்து வைத்திருந்தார்களாமே? எனக்கு உயிரே போய்விட்டது. இரவெல்லாம் அவள் முகம்தான். காலையில் உன் கடிதம் வந்தது, கை முறிந்து வீட்டில் இருக்கிறாள் என்று. படியில் வழுக்கியது அந்தக் குண்டுக்கு முன்னாலேயேதான் இருக்கும், இல்லாவிட்டால் அன்றைக்குக் கவுண்ட்டரில் அல்லவா உட்கார்ந்திருப்பாள்? மணிக்கட்டு போனால் சேரும். கடவுள் கையை எடுத்துக்கொண்டு ஆளை விட்டான். உங்கள் வீட்டு மாடிப்படிக்கு என் சார்பில் நன்றி சொல்.

இன்னொன்றுக்கும் நன்றி. பதில் இல்லை என்று எழுதிவிட்டாய். தோற்றேன் என்று எழுத உனக்கு வீம்பு இடம் கொடுக்காது, அதனால் இதையே அப்படி எடுத்துக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்து உன்னோடு பேசி நான் ஜெயித்ததே இல்லை. இப்போது ஜெயித்தும் சந்தோஷமாக இல்லை, அது வேறு. ஆனாலும் நீயும் ஒத்துக்கொண்டது எனக்குத் தெம்பாக இருக்கிறது. பிள்ளையைக் காணாத வீட்டில் அந்தத் தெம்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

துணியை நீயே துவை. அவளை இடதுகையால் எதையும் செய்ய விடாதே. சட்டைக் கழுத்தை முதலில் சோப்புப் போட்டு ஊற வைக்க வேண்டும், மறந்துவிடாதே.

அன்புடன்,
அக்கா

—

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. மேப்பு கிடைத்துவிட்டான். உயிரோடு, முழுசாக, பசியோடு இருக்கிறான். நேற்று என் கண்ணால் பார்த்தேன். கையால் தொட்டேன். ஒரு எலும்புகூட முறியவில்லை, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டேன்.

நடந்ததைக் கேள். தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பியவன் பாலத்துக்குப் பிறகு இடதுபக்கம் திரும்ப வேண்டும். வலதுபக்கம் திரும்பியிருக்கிறான். ரோடு நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷமாக ஓட்டிக்கொண்டே போயிருக்கிறான். ஒரு முகாம் வந்தது. காவலில் நின்றவனிடம் வண்டியை நிறுத்தி, 'அண்ணே, தண்ணி எங்க எறக்கணும்' என்று கேட்டிருக்கிறான். அது எங்கள் முகாம். வெட்கப்படாமல் நிறுத்திக் கேட்கச் சொன்னேன் அல்லவா, சரியாக அந்த ஒரு தடவைதான் கேட்டிருக்கிறான். அவர்களுக்கும் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லையாம். முதலில் லாரியைக் காலி செய்தார்கள், பிறகுதான் இவனைப் பிடித்தார்கள். 'தண்ணி குடிச்ச பிறகு அடிக்க மனசு வரல போல மாமா' என்கிறான்.

வாரம் ஒருமுறை பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. துணி, சோப்பு, ரொட்டி, முட்டை கொண்டு போகிறேன். காலுறை கொடுத்தேன். இளைத்திருக்கிறான், ஆனால் உன்னைப் போலவே வாய் குறையவில்லை. உன் முட்டியைத்தான் முதலில் விசாரித்தான்.

நான் நலம். இனி நீ தூங்கு.

தம்பி

—

ஜூன் 5

என் தங்கமே,

இப்படி உன்னைக் கூப்பிட்டு முப்பது வருஷம் இருக்கும். கூச்சப்படாதே. கடிதத்தைப் படித்துவிட்டுக் கடைப் பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டு, 'எம்பிள்ள வழி தப்பிட்டான், எம்பிள்ள வழி தப்பிட்டான்' என்று கத்தினேன். என்ன அக்கா இதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று முழித்தார்கள். அவனுடைய அந்தக் குணத்துக்காக எத்தனை திட்டியிருப்பேன். இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். தண்ணீரைக் குடித்துவிட்டு அவனை அடிக்காமல் விட்ட அந்த முகாம்காரர்களுக்கும் நன்றி. எதிரிக்கு நன்றி சொல்கிறேன் பார். என்னமோ, மனசு நிறைந்திருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

உனக்கு எப்படிச் சொல்வது? உன்னை வளர்த்ததற்கு ஒரு நாளாவது உன்னிடம் கணக்குப் பார்த்திருக்கிறேனா? இப்போது பார்த்தாலும் நான்தான் கடன்காரி. உன் வேலை, உன் முதுகு, பெண்டாட்டிக்கு உடம்பு முடியாத வீடு, இதற்கிடையில் வாரா வாரம் பஸ் ஏறி என் பிள்ளைக்கு முட்டை கொண்டுபோகிறாய்.

இந்தப் பத்தி சில்லறைக்கு, படித்துக் காட்டு. அம்மா, அந்த ரொட்டியும் முட்டையும் உன் கை படாமல் போயிருக்காது. ஒற்றைக் கையால் எப்படிக் கட்டிக் கொடுத்தாய்? காலுறை ஞாபகம் உனக்குத்தான் வந்திருக்கும், இவனுக்கா வரப்போகிறது? நீ என் வீட்டுக்கு வந்த நாளில், இவள் என்ன இப்படிச் சில்லறை சில்லறையாகப் பேசுகிறாளே என்று நினைத்தேன். இன்று என் வீட்டு விளக்கே உன்னால்தான் எரிகிறது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இனி தம்பிக்கு. ஆறு வாரம் முடிந்து எத்தனை நாளாயிற்று? கட்டைப் பிரித்திருப்பாயே, ஏன் இந்தக் கடிதத்திலும் அவள் எழுதவில்லை? இடதுகையால் ஒரு கிறுக்கல் போட்டாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். அவளைப் பற்றி ஒரு சொல் எழுதாமல் எப்படி முடித்தாய்? கை இப்போது எப்படி இருக்கிறது, அதை முதலில் எழுது.

அன்புடன்,
அக்கா

—

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

கட்டைப் பிரித்துப் பார்த்ததில் எலும்பு சரியாகச் சேரவில்லை. சில பேருக்கு அப்படி ஆகும். மறுபடி கட்டுப் போட்டிருக்கிறேன். இன்னும் ஆறு வாரம்.

நல்ல செய்தி உனக்கும் எட்டியிருக்கும். சண்டை நின்றுவிட்டது. அணைக்கதவைத் திறக்க ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பிடிபட்டவர்களை இரண்டு பக்கமும் திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த மாத நடுவில் மேப்பு உன் வீட்டு வாசலில் நிற்பான். இந்தத் தடவை வழிகாட்ட ஆள் போட்டு அனுப்புகிறார்கள், பயப்படாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் வந்ததும் சாப்பாடு போடு. குளிக்கச் சொல். பிறகு கடையைச் சாத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார். அவன் உன்னிடம் ஒன்று சொல்வான். கடிதத்தில் படிக்காமல், பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது நீ அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவன்மேல் கோபப்படாதே. நான்தான் சொல்லாதே என்றேன்.

தம்பி

—

ஜூலை 20

தம்பி,

பிள்ளை வந்துவிட்டான். நீ சொன்னபடியே செய்தேன். சாப்பாடு போட்டேன், குளித்தான், கடையைச் சாத்தினேன், உட்கார்ந்தேன். சொன்னான்.

முதலில் நான் நம்பவில்லை. 'அவளுக்குக் கைதாண்டா முறிஞ்சிருக்கு' என்று அவனையே அதட்டினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அத்தை மார்ச்லயே போயிட்டாங்கம்மா. பஸ் ஸ்டாண்டுல' என்றான். முகாமில் உன்னைப் பார்த்ததும் அவன் முதலில் கேட்டது அத்தை வரவில்லையா என்பதைத்தானாம். அங்கேயே சொன்னாயாம். சொல்லிவிட்டு அவனுக்கு முட்டையை உரித்துக் கொடுத்தாயாம்.

தம்பி, நான் என்னவெல்லாம் எழுதினேன். கைக்குக் கும்பிடு போடுகிறேன் என்று எழுதினேன். மாடிப்படிக்கு நன்றி சொன்னேன். படைவண்டிகளை ஒளித்து வைத்திருந்தார்களாமே என்று எழுதினேன். நீ தோற்றுவிட்டாய், நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதினேன். அதையெல்லாம் நீ உட்கார்ந்து படித்திருக்கிறாய். படித்துவிட்டு, அவளைக் கொன்ற நாட்டுச் சிப்பாய்க்கு, என் பிள்ளைக்கு, சோப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாய்.

இங்கே குழாயில் தண்ணீர் வருகிறது. நன்றாகவே வருகிறது. கடைப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு துவைக்கிறார்கள். பிரசவ வார்டுத் துணியை நேற்று வெள்ளை வெளேரென்று திருப்பி அனுப்பினேன். அதை மடிக்கும்போது இந்தப் போர் நியாயமா, இல்லையா என்று என்னையே கேட்டேன். நான் சொன்ன காரணங்கள் அப்படியே இருக்கின்றன, ஒன்றும் குறையவில்லை. கதவை மூடியது தப்புதான். பிறக்கிற குழந்தைக்கு வெள்ளைத் துணி வேண்டும்தான். ஆனால் நியாயம் என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை. அநியாயம் என்று சொன்னால், அதற்குள் என் பிள்ளையை நானே சிரித்து அனுப்பினேனே, அதை எங்கே வைப்பது?

எனக்கு ஒரு உதவி செய். மார்ச்சில் நான் கேட்ட கேள்விக்கு நீ எழுதாமல் விட்ட பதிலை எழுது. என்னைத் திட்டு. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது, ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன். நீ செய்ததற்கு நன்றி என்று எழுதப் போனேன், அந்தச் சொல் பத்தவில்லை. எல்லை திறந்ததும் நானும் மேப்புவும் வருகிறோம்.

அக்கா

—

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். உன் முட்டிக்கு இவ்வளவு தூரம் பஸ் ஆகாது, இருந்தாலும் வா.

உன்னைத் திட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். படைவண்டிகள் நின்றனவா என்றால், நின்றன. கவுண்ட்டருக்குப் பின்னால் இரண்டு. உங்கள் பேப்பர் பொய் சொல்லவில்லை. 'ஜனங்க நிக்கற எடத்துல இத எதுக்கு நிறுத்தறீங்க' என்று அவள் தினமும் அவர்களோடு சண்டை போட்டாள். பத்தடி தள்ளி நிறுத்த வைக்கக்கூட அவளால் முடியவில்லை.

பதில் ஏன் எழுதவில்லை என்றால், உன் முதல் கடிதத்தை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியதே அவள்தான். பிரசவ வார்டுத் துணி வந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். 'அண்ணி சொல்றதுல நியாயம் இருக்குங்க. நானா இருந்தாலும் கதவ ஒடச்சிருப்பேன்' என்றாள். அக்கா, அவள் உன் கட்சி. கோடாலி, பானை என்று நான் உனக்கு எழுதியதெல்லாம் அவளிடம் சொல்லிச் செல்லாமல் போன வாதங்கள். அப்புறமும் வீட்டில் தினம் இதே பேச்சுதான். கடைசி நாள் காலையிலும் இதே பேச்சு. அணையில் தண்ணீர் இல்லை என்று நான் கத்தினேன். 'இருக்கறத குடுக்கணுமா இல்லியா, அத சொல்லுங்க' என்றாள். நேரமாகிவிட்டது. 'சாயங்காலம் வந்து பேசிக்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு உன் மார்ச் கடிதம் வந்தது. இல்லை, நீ சொல்வது தப்பு என்று எழுதினால், அவள் திரும்பிச் சொல்ல முடியாத இடத்தில் அவளோடு சண்டை போடுவது மாதிரி. ஆமாம், நியாயம்தான் என்று எழுதினால், அந்தக் குண்டுக்கும் சேர்த்து ஆமாம் போட வேண்டும். இரண்டும் என்னால் முடியவில்லை. ஒத்துக்கொண்டேன் என்று நீ நினைத்தாய். பிள்ளையைக் காணாமல் உட்கார்ந்திருந்தாய், அது உனக்குத் தெம்பு என்றாய், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

இனி நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். நீ வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கடிதங்களுக்காகத்தான். முதல் தடவை கை முறிந்தது என்று எழுதியது உனக்காக. மேப்புவைக் காணாத நேரத்தில் இதையும் உன் தலையில் போட வேண்டாம் என்று எழுதினேன். கைகாலுக்குக் கட்டுப் போடுகிறவனுக்கு வேறு என்ன பொய் வரும்? ஆறு வாரத்தில் அந்தப் பொய் முடிந்துவிடும் என்பதைக்கூட யோசிக்கவில்லை. ஆனால் அப்புறம் உன் பதில் வந்தது. இங்கே வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவளை நல்லவளாக இருந்தாள், கெட்டிக்காரியாக இருந்தாள் என்றே பேசினார்கள். நீ ஒருத்திதான் கை வீங்கியிருக்கிறதா என்று கேட்டாய். தலையணைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னாய். துணியை நீயே துவை, அவளைச் செய்ய விடாதே என்று என்னை அதட்டினாய். அந்தக் கடிதம் கையில் இருந்த நேரம் முழுக்க, அவளுக்குக் கை முறிந்திருந்தது, அவ்வளவுதான். அவளுக்கு என்று நீ எழுதிய பத்தியை நிஜமாகவே வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.

ஜூனில் உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மேப்பு கிடைத்துவிட்டான், உனக்குத் தாங்கும் தெம்பு வந்துவிட்டது. இருந்தும் எலும்பு சேரவில்லை, மறுபடி கட்டுப் போட்டேன் என்று எழுதினேன். அது உனக்காக இல்லை, அக்கா. அந்தக் கட்டைப் பிரிக்க எனக்குத்தான் மனசு வரவில்லை.

அன்புடன்,
தம்பி